வாலப்பகடையின் நிபந்தனை

காதல் காவியங்களிலிருந்து இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்கள் என்று யாராவது பேச எழுந்தால் எனக்கு உடனே எச்சரிக்கை வந்துவிடுகிறது. கல்லூரித் தமிழ்மன்றங்களில், பட்டிமன்றங்களில், ஆண்டுவிழா மேடைகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அம்பிகாபதி அமராவதி, லைலா மஜ்னு, ரோமியோ ஜூலியட் என்று வரிசையாக அடுக்குவார்கள். கூட்டம் உருகும். கடைசியில் பாடம் வரும்: அவசரப்படாதே, முதலில் படிப்பை முடி, பெற்றவர்கள் மனசை நோகடிக்காதே. செத்துப்போனவர்கள் மேலேயே குற்றப்பத்திரிகை. கொன்றவனுக்குச் சொல்ல ஒரு அறிவுரைகூட அவர்களிடம் இருப்பதில்லை.

இந்த வரிசையில் முத்துப்பட்டன் வருவதே இல்லை. தென்மாவட்டங்களில் கொடைவிழாக்களில் வில்லடித்துப் பாடி வந்த கதை அது. நா.வானமாமலை பதிப்பித்து 1971ல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற மாணவர்கள் குறிப்பெடுத்துப் பரீட்சை எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மேடைக்காரர்களுக்கோ அது தொண்டையில் சிக்கும் முள். ஏனென்றால் இந்தக் கதையில் பாடம் யாருக்கு என்கிற கேள்வி தலைகீழாக நிற்கிறது. தமிழில் இருக்கிற காதல் துயரக் கதைகளில் இளைஞர்களுக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் எடுப்பேன். எடுத்து, அதன் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு, தலையையும் வாலையும் வெட்டிப்போடச் சொல்வேன்.

1

கதை தெரியாத தோழர்களுக்காகச் சுருக்கமாக.

முத்துப்பட்டன் பார்ப்பனன். அண்ணன்மாரோடு மனத்தாங்கல் கொண்டு வீட்டைவிட்டுப் போய்க் கொட்டாரக்கரை அரசனிடம் வேலை பார்க்கிறான். அண்ணன்மார் தேடிவந்து அழைத்துப் போகிறார்கள். வழியில் மலையடிவாரத்தில் இரண்டு பெண்களின் பாட்டுச் சத்தம் கேட்கிறது. பொம்மக்கா, திம்மக்கா. மாடு காக்கும் வாலப்பகடையின் மகள்கள். பகடை என்பது அருந்ததியர் பட்டம்; கதைப்பாடலின் வார்த்தையில் சக்கிலியர். இவன் அவர்களைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். பெண்கள் பயந்து ஓடி அப்பனிடம் சொல்கிறார்கள். வாலப்பகடை கோபத்தோடு வருகிறான். பட்டன் அவனிடமே பெண் கேட்கிறான்.

வாலப்பகடை நிபந்தனை போடுகிறான். பூணூலை அறு. குடுமியை எடு. தோல்வேலை கற்றுக்கொள். செருப்புத் தைத்துக்கொண்டு வா. அப்புறம் பேசலாம்.

அண்ணன்மார் தடுக்கிறார்கள். பட்டன் நிற்கவில்லை. பூணூல் போகிறது, குடுமி போகிறது. தோலை எடுத்து உட்கார்ந்து செருப்புத் தைக்கிறான். கல்யாணம் நடக்கிறது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் மாடு கவர ஒரு கூட்டம் வந்துவிட்டது என்று சேதி. மாமனாரின் கிடையைக் காக்கப் போகிறான். சண்டையில் ஜெயிக்கிறான். ஆனால் ஒளிந்திருந்த ஒருவன் பின்னால் இருந்து குத்திச் சாய்த்துவிடுகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி ஜமீனிடம் அனுமதி வாங்கி உடன்கட்டை ஏறுகிறார்கள். மூவரும் தெய்வமாகிறார்கள்.

பாபநாசம் மலைக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டவராயன் சந்நிதி இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பட்டவராயனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு. ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், சாமி ராத்திரி போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார் என்பது ஜனங்களின் நம்பிக்கை. ஊர்த்தெருவில் நாம் செருப்புப் போட்டு நடந்தால் அடிவிழுந்த நாட்டில், செருப்பையே காணிக்கையாக வாங்குகிற ஒரு தெய்வம். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் கதையை நாம் விடக்கூடாது.

2

இனி நிபந்தனைக்கு வருவோம். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒரு பார்ப்பனன் வந்து சேரியில் பெண் கேட்கிறான். நம் சினிமாக்காரர்களிடம் இந்தக் காட்சியைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பெண்ணின் அப்பன் கண்ணீர் விடுவான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுவான். "எங்க குலதெய்வமே எறங்கி வந்த மாதிரி இருக்கு சாமி" என்பான். பின்னணியில் வீணை வாசிக்கும். கதைப்பாடலில் வரும் வாலப்பகடை வாயைப் பிளக்கவில்லை. அவனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மேல்சாதிக்காரன் நம் பெண்கள் மேல் 'ஆசை'ப்படுவது அவனுக்குப் புதுசு இல்லை. ஆசை தீர்ந்ததும் அவன் எழுந்து ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போய்விடுவான், பூணூல் பூணூலாகவே இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கண் அது.

அதனால் அவன் "உனக்கு என் மகள் மேல் எவ்வளவு பிரியம்?" என்று கேட்கவில்லை. பிரியத்தை யாரும் அளக்க முடியாது. உன்னிடம் இருக்கும் சாதியில் எதை விடுவாய் என்று கேட்கிறான். அதை அளக்கலாம். பூணூல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். குடுமியைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். தைத்த செருப்பைக் காலில் போட்டு நடந்து பார்க்கலாம்.

மூன்றாவது நிபந்தனையைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பூணூலை அறுப்பதோடு அவன் விட்டிருக்கலாம். விடவில்லை. வேலை கற்றுக்கொள் என்கிறான். சாதி என்பது உடம்பில் போட்டிருக்கும் நூல் மட்டும் இல்லை, கை எதைத் தொடும் எதைத் தொடாது என்பதும்தான். செத்த மாட்டின் தோலைத் தொட்டு, நாற்றம் பொறுத்து, ஊசி குத்தி ரத்தம் வந்து கற்றுக்கொண்ட கை மறுபடி பழைய கையாக ஆகாது. படிப்பு வாசனை இல்லாத ஒரு மாடு காக்கும் மனிதன் இதைத் தெரிந்து வைத்திருக்கிறான். அவன் சொந்த வாழ்க்கையே அவனுக்குப் பாடப்புத்தகம்.

அம்பேத்கர் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடு நடத்தியவர்கள் பயந்து பின்வாங்கியதால் 1936ல் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் கலப்புமணம்தான் உண்மையான மருந்து என்கிறார். இதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் அங்கேயே நிற்கவில்லை என்பதைத்தான் வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஜனங்கள் ஏன் கலந்து மணக்காமல் இருக்கிறார்கள், அவர்கள் புனிதம் என்று நம்புகிற சாஸ்திரம் அதற்குத் தடையாக இருக்கிறது, அந்தப் புனிதத்தை உடைக்காமல் ஒன்றும் நடக்காது என்று மேலே போகிறார். தாலி கட்டியதும் சாதி செத்துவிடாது என்பதுதான் இதன் பொருள். இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டு, அதில் ஒருவர் தன் பூணூலைப் பத்திரமாகப் பெட்டியில் மடித்து வைத்திருந்தால் அது கலப்புமணம் ஆகாது. ஒத்திவைக்கப்பட்ட சண்டை.

3

இப்போது வெட்டிப்போட வேண்டிய தலை.

இந்தக் கதையின் சில பாடங்களில் ஒரு முன்கதை ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனப் பெண்ணுக்குப் பிறந்தவர்களாம். காட்டில் விடப்பட்ட குழந்தைகளாம். வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். தீர்ந்தது கதை! பட்டன் இறங்கவே இல்லை. பார்ப்பனன் பார்ப்பனத்தியைத்தான் கட்டியிருக்கிறான். நடுவில் தோல்வேலை, செருப்பு எல்லாம் வெறும் வேஷம்.

இது ஒரு கதையில் நடந்த விபத்து இல்லை. மதுரைவீரனைப் பாருங்கள். சின்னானும் செல்லியும் வளர்த்த அருந்ததியர் வீட்டுப் பிள்ளை, பாளையக்காரன் மகள் பொம்மியைக் காதலித்து அழைத்துக்கொண்டு போனவன். அவனுக்கும் முன்கதை: காசி ராஜாவின் மகன், மாலை சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் போட்டுவிட்டார்கள். 1956ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் இந்த ராஜபிறப்பை விடவில்லை. ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயனுக்கும் தெய்வப்பிறப்பு. மூன்று கதை, மூன்று பிறப்புச் சான்றிதழ். நம் வீட்டில் வளர்ந்தவன் வீரனாக இருக்கலாம், அழகனாக இருக்கலாம், காதலிக்கப்படலாம். நமக்குப் பிறந்தவனாக மட்டும் இருக்கக்கூடாது. வளர்க்க நம் மடி வேண்டும், பிறக்க நம் வயிறு ஆகாது.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. நான் வங்கியில் கிளார்க். கவுண்டரில் உட்கார்ந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஒருநாள் ஒரு ஜோடி வந்தது. கலப்புமணத் தம்பதிகளுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்காகக் கணக்குத் தொடங்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, ஃபோட்டோ எல்லாம் ஒழுங்காகக் கொண்டுவந்திருந்தார்கள். பையன் பிற்பட்ட வகுப்பு. பெண் அருந்ததியர். படிவத்தில் முகவரி எழுதும்போது பையன் குனிந்து மெதுவாகச் சொன்னான்: "சார், பேங்க்லேர்ந்து லெட்டர் எதுவும் வீட்டுக்கு வராம பாத்துக்குங்க. ஹவுஸ் ஓனர்கிட்ட இவங்களும் எங்க ஆளுகதான், தூரத்து மாவட்டம்னு சொல்லி வெச்சிருக்கோம்." அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போடும் இடம் எது என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தத் தெருவில் வீடு கிடைக்காது. உயிருக்கே ஆபத்து வரலாம். ஆனால் நடந்திருப்பது என்ன? அவள் சாதி கடந்து அவனைக் கட்டினாள். கட்டிய மறுநாளே அவளுக்கு ஒரு முன்கதை எழுதப்பட்டுவிட்டது. அரசாங்கக் காகிதத்தில் அவள் அருந்ததியர். வாடகை வீட்டில் அவள் வேறு யாரோ. நாளைக்கு அவளுடைய அம்மா பார்க்க வந்தால் எந்த வாசல் வழியாக வருவாள்? என்ன உறவு என்று சொல்வார்கள்? அவன் இறங்கி வருவதற்குப் பதில், அவளைப் பொய்யால் தூக்கி மேலே உட்காரவைத்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் அவள் ஆயுசுக்கும் அசையாமல் உட்கார வேண்டும்.

எனக்கும் இந்த முன்கதை தரப்பட்டிருக்கிறது. கூட வேலை பார்த்த ஒருவர் டீ குடிக்கையில் சொன்னார்: "உங்களப் பாத்தா எஸ்.சி.ன்னு சொல்லவே முடியாது சார்." பாராட்டாம்! நான் எழுதும் கவிதையும், நான் போடும் சட்டையும், நான் பேசும் இங்கிலீஷும் வேறு எங்கோ பிறந்திருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார். என்னைக் காசி ராஜா மகனாக்கிவிட்டு நிம்மதியாகப் பஜ்ஜி சாப்பிட்டார். "அப்படித்தான் சார் எஸ்.சி. இருப்பான், நல்லாப் பாத்துக்குங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் டீக்குக் கூப்பிடுவதில்லை. டீச்செலவு மிச்சம்.

இளைஞர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான். உன்னை நேசிக்கிறவர் உன் பிறப்பைத் திருத்தி எழுத ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்து. "நீ மத்தவங்க மாதிரி இல்ல" என்பது காதல் வசனம் மாதிரிக் கேட்கும். அந்த 'மத்தவங்க' யார்? உன் அம்மா, உன் தம்பி, உன் தெரு. ஆபத்துக்காகக் கொஞ்ச நாள் மறைத்து வாழ வேண்டி வரலாம். அது உத்தி. அதையே வாழ்க்கையாக ஆக்கிக்கொள்ளாதே.

4

இனி வெட்ட வேண்டிய வால். தீ.

பட்டன் செத்ததும் பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குகிறார்கள். வில்லுப்பாட்டுக் கேட்கும் கூட்டத்தில் பெண்கள் குலவை இடும் இடம் அது. எனக்கு அந்த இடத்தில் உடம்பு கூசும். கதை நெடுக இந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சு குறைவு என்பதைக் கவனித்தீர்களா? பார்த்தவுடன் ஓடினார்கள். அதற்குப் பிறகு பேரம் முழுக்க அவனுக்கும் அப்பனுக்கும் நடுவில். அக்காவும் தங்கையும் ஒரே ஆளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. வாலப்பகடையை நான் மதிக்கிறேன். ஆனால் அவனும் மகள்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கவில்லை. கதை அவர்களுக்கென்று நீளமாகத் தரும் ஒரே காரியம் சாவு.

அம்பேத்கர் 1916ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் சாதி எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று விளக்குகிறார். அகமணம் நிலைக்க வேண்டுமானால் புருஷன் செத்தபின் மிஞ்சும் பெண் ஒரு பிரச்சினை. அவள் சாதிக்கு வெளியே போய்விடலாம். அதனால் அவளை எரித்துவிடு, அல்லது கட்டாய விதவையாக்கு. உடன்கட்டைக்கு அவர் கண்ட காரணம் இது. கற்பு, புனிதம் என்கிற பூச்சு எல்லாம் பிற்பாடு வந்தது என்கிறார்.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதையின் முடிவைப் பாருங்கள். சாதி காக்க மேல்சாதியார் கண்டுபிடித்த தீ, சாதியை உடைத்த ஒரு கல்யாணத்தின் கடைசியில் எப்படி வந்தது? அந்தப் பெண்களைத் 'தகுதியுள்ளவர்கள்' ஆக்க வந்தது. அவன் குடுமியை எடுத்து இறங்கினான். கதைக்கு அது பொறுக்கவில்லை. முன்னால் ஒரு பிறப்பைச் சேர்த்தும் பின்னால் ஒரு தீயை மூட்டியும் அவர்களை ஏற்றிவிட்டது. செருப்புத் தைக்கும் வீட்டுப் பெண்கள் செருப்புத் தைக்கும் வீட்டிலேயே, கணவனை இழந்தபின்னும், மாடு மேய்த்துப் பாட்டுப் பாடி உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்குக் கோயில் கிடையாது. பாதகமில்லை, உயிர் இருந்திருக்கும்.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பட்டப்பகலில் ஒரு தலித் மாணவன் வெட்டிக் கொல்லப்பட்டான். அவன் மனைவிக்கும் வெட்டு. மேல்சாதியில் பிறந்த பெண். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் கொலையை நாடே பார்த்தது. அந்தப் பெண் தீயில் இறங்கவில்லை. தலையில் தையலோடு எழுந்து, நீதிமன்றத்தில் தன்னைப் பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017ல் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்துத் தீர்ப்பு வந்தது. 2020ல் உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்து மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாக்கியது. தீர்ப்பு எப்படிப் போனாலும் அவர் கூண்டில் ஏறி நின்றது நின்றதுதான். அவர் மறுமணம் செய்துகொண்டபோது நம்மில் சிலரே முகம் சுளித்தார்கள். புரட்சிகரமாகப் பேசும் வாய்கள்! செத்த கணவனின் படத்துக்கு முன்னால் அவர் ஆயுசு முழுக்க விளக்கேற்ற வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டவர்கள் அவர்கள். அதற்கும் பொம்மக்காவின் தீக்கும் எவ்வளவு தூரம்? இயக்கத்தோழர்கள் இதைத் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். தியாகிப் பட்டம் கொடுத்து உட்காரவைப்பதும் ஒருவகை உடன்கட்டைதான்.

5

இன்னொரு கணக்கும் இந்தக் கதைகளில் ஒளிந்திருக்கிறது. முத்துப்பட்டனைக் கொன்றது யார்? மாடு கவர வந்தவன். அவன் சாதிக்காரர்கள் இல்லை. அண்ணன்மார் கோபப்பட்டார்கள், தடுத்தார்கள், அவ்வளவுதான். மதுரைவீரனுக்கோ மாறுகால் மாறுகை. காத்தவராயனுக்குக் கழு. இரண்டும் அரசாங்கம் கொடுத்த தண்டனை. மேல்சாதி ஆண் கீழே வந்து பெண் எடுத்தால் சறுக்கல், திருத்திக்கொள்ளலாம். நம் ஆண் அவர்கள் வீட்டுப் பெண்ணை நேசித்தால் அது ராஜதுரோகம். அனுலோமம், பிரதிலோமம் என்று சாஸ்திரம் தராசு வைத்திருப்பது இதற்காகத்தான். அவர்கள் வீட்டுப் பெண்ணின் வயிறு அவர்களுக்குச் சாதியின் சொத்து. நம் வீட்டுப் பெண்ணின் உடம்பு அவர்களுக்குப் புறம்போக்கு.

தராசு இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறது. 2003ல் விருத்தாசலம் பக்கம் ஒரு தலித் இன்ஜினியரையும் அவர் காதலித்து மணந்த பெண்ணையும் ஊரார் பார்க்க விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். கீழ்நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. பதினெட்டு வருஷம். ஒரு குழந்தை பிறந்து ஓட்டுப் போடும் வயது. 2012 நவம்பரில் தருமபுரியில் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனியையும் பக்கத்துக் குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். பீரோ, டி.வி., பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் எரிந்தன. அடுத்த வருஷம் ஜூலையில் அந்தப் பையன் ரயில் பாதை ஓரத்தில் பிணமாகக் கிடந்தான். நம் பிள்ளைகள் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு மயக்குகிறார்கள் என்று அந்த நாட்களில் மேடையிலேயே பேசினார்கள். எரித்தது பொருளை மட்டும் இல்லை. ஜீன்ஸ் வாங்கும் வசதி நமக்கு வந்ததே, அதைத்தான் எரித்தார்கள்.

ஆகவே 'அவசரப்படாதே' என்று நமக்குப் பாடம் எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அவசரப்பட்டவன் அரிவாளை எடுத்தவன். அவனுக்குப் போய்ப் பாடம் நடத்துங்கள். கல்லூரிக்கு வரவேண்டாம், சாதிச்சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குப் போங்கள்.

6

அப்படியென்றால் இளைஞர்களுக்குப் பாடமே கிடையாதா? உண்டு. வாலப்பகடை இன்றைக்கு இருந்தால் எதைக் கேட்பான் என்று யோசித்துப் பார்த்தேன். பூணூல் போடாத சாதிகள்தான் இன்றைக்கு அதிகம் வெட்டுகின்றன. அதனால் அவன் கேள்விகளும் மாறியிருக்கும்.

தம்பி, உன் பைக்கில் ஒட்டியிருக்கும் சாதித்தலைவர் ஸ்டிக்கரைக் கிழித்தாயா? உன் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எங்களைப் பற்றிக் கேவலமாகப் பேசும்போது அங்கேயே எதிர்த்து எழுதினாயா, இல்லை சிரிப்புப் பொம்மை போட்டாயா? கல்யாணத்துக்கு அப்புறம் என் வீட்டுக்கு வந்து என் தட்டில் நான் சாப்பிடுவதைச் சாப்பிடுவாயா? என் மகளின் பெயரோடு அவளுடைய ஊரையும் தெருவையும் உன் அத்தை முன்னால் சொல்வாயா? பிறக்கப்போகும் பிள்ளைக்கு இந்தத் தாத்தா யார் என்று சொல்லி வளர்ப்பாயா? எங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதைக்குத் தகராறு வந்தால் எந்தப் பக்கம் நிற்பாய்? என் மகள் வேலைக்குப் போக வேண்டும், அவள் சம்பளம் அவள் கணக்கில் இருக்க வேண்டும், சம்மதமா?

இதில் ஒன்றுகூடப் பிரியத்தைப் பற்றிய கேள்வி இல்லை. எல்லாமே கண்ணால் பார்க்கக்கூடிய காரியங்கள். கேட்க வேண்டியது அப்பனும் அல்ல. பொம்மக்காவும் திம்மக்காவும் கேட்க வேண்டும். காதலிக்கும் பெண்ணோ பையனோ தானே கேட்க வேண்டும். கேட்டால் காதல் போய்விடும் என்று பயந்தால், போகட்டும். செருப்புத் தைக்க உட்காராத பட்டன் நமக்கு எதற்கு?

இன்னொரு பக்கமும் உண்டு. மேல்சாதி வீட்டுப் பெண் நம் பையனோடு வரத் துணியும்போது அவள் விடுவது வெறும் நூல் இல்லை. பெற்றவர், சொத்து, ஊர், சில சமயம் உயிர். அவளிடம் மறுபடி பரீட்சை வைக்கும் வேலை நமக்கு வேண்டாம். அவளைக் கூட்டிவந்து அடுப்படியில் உட்காரவைத்துவிட்டு நாம் புரட்சி பேசப் போகாமல் இருந்தால் போதும்.

அப்புறம் சாகாமல் இருக்கும் வழிகள். இதையும் பாடம் என்றே எழுதுகிறேன், ஏனென்றால் காவியம் எழுதியவர்கள் எழுதவில்லை. 1954ம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தால் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அந்த 30 நாளும் எங்கே பத்திரமாக இருப்பது என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள். இருவரும் இந்துச் சட்டத்துக்குள் வருகிறவர்கள் என்றால் 1967ல் தமிழ்நாடு கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி ஐயர் வேண்டாம், தாலிகூடக் கட்டாயம் இல்லை. நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினால் சட்டப்படி கல்யாணம். உடனே பதிவு செய்துவிடுங்கள். 2018 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு, 24 மணிநேரத் தொலைபேசி, பாதுகாப்பு இல்லம் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அது இயங்குகிறதா என்று காதலிக்காத தோழர்கள் இன்றைக்கே போய் விசாரித்து வையுங்கள். ஓடிவரும் ஜோடிக்கு விசாரிக்க நேரம் இருக்காது. சர்டிபிகேட், ஆதார், பாஸ்புக் மூன்றையும் முதலில் கையில் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. "வீட்டுக்கு வா, ஊரறியக் கல்யாணம் செஞ்சு வைக்கிறோம்" என்று அழுதுகொண்டே ஃபோன் வந்தால் தனியாகப் போகாதீர்கள். அந்த அழைப்பை நம்பிப் போனவர்களின் பட்டியல் பெரிசு.

கடைசியாகப் பாடுகிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும். இந்தக் கதை இன்னும் பாடப்படும், நாடகமாகும், யாராவது சினிமாவும் எடுப்பார்கள். எடுக்கும்போது அந்தப் பெண்களை வாலப்பகடைக்கே பிறக்கவையுங்கள். அவன் நிபந்தனையை முழுசாகச் சொல்லவையுங்கள், பட்டன் செருப்புத் தைப்பதை நிதானமாகக் காட்டுங்கள், ஊசி குத்துவதைக் காட்டுங்கள். பட்டன் செத்த பிறகு அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று அவர்களையே கேளுங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடம் போய்த் தீக்கு அனுமதி கேட்ட பெண்கள், அதே ஜமீனிடம் கொலைகாரனைப் பிடி என்று கேட்டிருக்க மாட்டார்களா? கேட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த வரியைத்தான் யாரோ பாடாமல் விட்டுவிட்டார்கள்.